பீரோவுக்குள் நூறு

எடை அளவை வாரியத்தில் 'மெதுவாக' என்ற சொல் செல்லாது என்பது புதுசுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த விண்ணப்பத்தை வேறு மாதிரி எழுதியிருப்பாள், அல்லது எழுதாமலே இருந்திருப்பாள்.

புதுசு என்பது அலுவலகம் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் பெயர் மாறவில்லை. கடைத் தராசுகளையும் எண்ணெய் அளக்கும் குவளைகளையும் ஆய்வாளர்கள் சோதித்து வருவார்கள். அந்த அறிக்கைகளை, ஒவ்வொன்றுக்கும் ஆறு படங்களோடு, வாரியத்தின் இணையதளத்தில் ஏற்றுவது இளநிலை எழுத்தரான அவள் வேலை. அவளுடைய தகுதிகாண் பருவம் முடிவதற்குள் அத்தனையும் ஏறியிருந்தால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். விதியில் 'ஒன்று குறைந்தாலும்' என்றே இருந்தது. எண்கள் விஷயத்தில் வாரியம் விட்டுக்கொடுப்பதில்லை.

பாக்கி இருந்தவை நூற்று எண்பத்தேழு அறிக்கைகள். வேலை நாட்கள் இருபது. முன்பு ஓர் அறிக்கை இரண்டு நிமிடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக முக்கால் மணி நேரம் ஏறி, தொண்ணூறு சதவீதத்தில் நின்று யோசித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு ஏறினால் அன்று நல்ல நாள்.

மற்றவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் பெரும்பாலும் வெளியே இருந்தார்கள். கண்காணிப்பாளர் தம் மடிக்கணினியை மூடிவைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு வேகம் போதுமானதாக இருந்தது.

புதுசு முதலில் தன்னையே சந்தேகித்தாள். இந்த மடிக்கணினியில் தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோமோ என்று இரண்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில்தான் 'வைஃபை மிகவும் மெதுவாக இருக்கிறது' என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"மெதுவா இருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"எவ்வளவு மெதுவா?"

"ரொம்ப மெதுவா, சார்."

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஒரு கடைக்காரர் வந்து 'என் தராசு கொஞ்சம் கம்மியா காட்டுது'ன்னு சொன்னா நாம என்ன கேப்போம்?"

"எத்தனை கிராம்னு கேப்போம்."

"நீங்க மட்டும் ரொம்பன்னு எழுதுவீங்க. ரொம்பங்கறது படியா, உழக்கா? எண் போட்டுக் கொண்டாங்க."

புதுசு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. அதுதான் அவளுடைய கஷ்டம். யார் எதைச் சொன்னாலும் முதல் ஐந்து நிமிடம் அது நியாயமாகவே படும்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். மாமா லிப்ட் மெக்கானிக். அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் புதுசு படுத்துக்கொள்கிறாள். வேலை நிரந்தரமானதும் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போவாள் என்பதுதான் அந்த வீட்டில் மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே திட்டம்.

இணையத்தில் வேகம் பார்க்கும் ஒரு பக்கத்தைத் திறந்தாள். முள் விர்ரென்று எகிறி முப்பத்தெட்டில் நின்றது.

"இதே லேப்டாப்தானே? இங்க நல்லாத்தானே ஓடுது," என்றாள் அக்கா. "இங்கேயே உட்கார்ந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயேண்டி."

"வெளி இணைப்புல ஏத்தக் கூடாதுக்கா. சரிபார்க்கப்படாத இணைப்பாம்."

மாமா காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "லிப்ட் நின்னுடுச்சுன்னா நாங்க முதல்ல உள்ள இருக்கிற ஆளை வெளிய எடுப்போம். உங்க ஆபீஸ்ல முதல்ல லிப்டுக்கு முத்திரை வைப்பாங்க போல."

அடுத்த ஐந்து நாள் அலுவலகத்தில் புதுசு ஒரு காரியத்தையும் விடவில்லை. மடிக்கணினியை அணைத்துப் போட்டாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த நிரல்களை எல்லாம் மூடினாள். வைஃபையை மறக்கச் சொல்லி, மறுபடி கடவுச்சொல் கொடுத்து அறிமுகப்படுத்தினாள். புதுப்பிப்புகளை நிறுத்தினாள். ஜன்னலோரம் போனாள், தூணோரம் போனாள், மதிய உணவு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபிறகும் அளந்தாள். மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் மும்முறை. எங்கே நின்று அளந்தாலும் புள்ளி நான்குதான். கோடு போட்டு ஓர் அட்டவணை தயாரித்து, கூட்டிச் சராசரி எடுத்து, கூட்டல் சரியா என்று மாமாவிடம் ஒருமுறை காட்டி, கண்காணிப்பாளர் மேசையில் வைத்தாள்.

கண்காணிப்பாளர் அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"இந்தப் புள்ளி நாலை அளந்தது யாரு?"

"லேப்டாப்தான் சார். திரையிலேயே காட்டுது."

"லேப்டாப்புக்கு முத்திரை இருக்கா?"

புதுசு மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருந்தன. முத்திரை இல்லை.

"முத்திரை இல்லாத கருவி ஒரு அளவைக் காட்டக் கூடாதும்மா. சந்தைல அப்படிக் காட்டினா நாம தராசைத் தூக்கிட்டு வந்துடுவோம். நீங்க அளவை வாரியத்துக்குள்ளேயே உட்கார்ந்து அஞ்சு நாளா அளந்திருக்கீங்க. மும்முறை வேற." குரலைத் தாழ்த்தினார். "இதை நான் பார்க்கல. கணினிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

கணினிக்காரர் ஒன்பது அலுவலகங்களுக்குப் பொதுவான ஒப்பந்தக்காரர். தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"பண்ணினேன்."

"நெட்வொர்க்கை மறந்துட்டு மறுபடி சேர்த்தீங்களா?"

"சேர்த்தேன்."

அவர் கேட்டதற்கெல்லாம் புதுசு அட்டவணையைக் காட்டினாள். கணினிக்காரர் முதல்முறையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார். தம் வேலை முழுவதும் முன்கூட்டியே செய்யப்பட்டிருப்பதைப் பார்த்த ஒரு மனிதரின் மரியாதை அதில் இருந்தது.

"அப்போ லேப்டாப்ல ஒண்ணுமில்ல. ரவுட்டர் பக்கத்துல போய்ப் பார்ப்போம். எங்க இருக்கு?"

புதுசு தூணின் உச்சியைப் பார்த்தாள். கணினிக்காரரும் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன்புவரை ரவுட்டர் கூடத்தின் நடுத்தூணில் இருந்தது. இப்போது அங்கே ஓர் ஆணியும், வெள்ளையான ஒரு சதுரமும் இருந்தன. அந்தப் பக்கமாகப் போன முத்திரைக்காரர் நின்றார். ஈயத் துண்டுகளில் வாரியத்தின் முத்திரையை அழுத்துவது அவர் வேலை. இடுப்பில் எப்போதும் குறடு இருக்கும்.

"ரவுட்டரா? மூலப்படி அறைல இருக்கே."

மூலப்படி அறை என்பது வாரியத்தின் கர்ப்பக்கிரகம். நாட்டின் எல்லா எடைக்கற்களுக்கும் மூலமான கற்கள் அங்கேதான் இருந்தன. குளிர்சாதனம் ஓயாமல் ஓடும். செருப்போடு உள்ளே போகக் கூடாது.

"அங்க எதுக்குண்ணே வச்சாங்க?" என்றாள் புதுசு.

"ஒரு நாள் துணை இயக்குநர் அந்தப் பெட்டி மேல எழுதியிருந்ததைப் படிச்சுட்டாரு. வேகம் நூறுன்னு போட்டிருந்துச்சு. நம்ம தூண்ல தொங்குற ஒரு பொருள் நூறுன்னு சொல்லுது, யாரு சரிபார்த்தான்னு கேட்டாரு. யாரும் சரிபார்க்கல. உடனே இறக்கி, சோதனை பண்ணி, நூறு சரிதான்னு நானே முத்திரை போட்டேன். நல்லா பதிஞ்சுது. முத்திரை போட்ட மூலக்கருவி எதுவா இருந்தாலும் பீரோவுக்குள்ளதான் இருக்கணும், விதி. பின்னாடி ஒரு ஓட்டை போட்டு வயரைக் கொண்டுபோயிருக்கோம். ப்ளக் பாயின்ட்கூட உள்ளேயே இருக்கு. அதுக்கு ஒரு குறையும் வைக்கல."

"எந்த பீரோ?" என்றார் கணினிக்காரர்.

"இரும்பு பீரோதான். மூணு விரல் கனம். ரெண்டு சாவி."

கணினிக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இரும்பு பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினா சிக்னல் எப்படிங்க வெளிய வரும்?"

"வருதே," என்றார் முத்திரைக்காரர். "அந்தப் புள்ளி நாலு பின்ன எங்கிருந்து வருதுங்கறீங்க?"

கணினிக்காரர் அறிக்கையில் 'காரணம்: பீரோ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அலுவலகத்துக்குப் போனார். அறிக்கை மேலே போய்த் திரும்பியபோது 'பீரோ' அடிக்கப்பட்டு 'சூழல்' என்று திருத்தப்பட்டிருந்தது. கூடவே, துணை இயக்குநர் புதுசை நேரில் விசாரிப்பார் என்று ஒரு சீட்டு.

துணை இயக்குநரின் அறையில் மேசைமேல் ஒரு பித்தளைத் தராசு இருந்தது. இரண்டு தட்டிலும் ஒன்றுமில்லை. அது மிகச் சமமாக நின்றது. கண்காணிப்பாளர் ஓரமாக நின்றார்.

"உட்காரும்மா. உன் பிரச்சினை என்ன?"

புதுசு ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். "சார், எட்டு வேலை நாள் போயிடுச்சு. இன்னும் நூத்தி எண்பத்திரண்டு அறிக்கை பாக்கி. ரவுட்டரைப் பழையபடி தூண்ல மாட்டினா ஒரே நாள்ல ஏத்திடுவேன். இல்லேன்னா எனக்கு வேலை போயிடும் சார்."

"வேலை போறது வேற பிரிவு. நாம வேகத்தைப் பத்திப் பேசுவோம்." துணை இயக்குநர் முதுகைச் சாய்த்துக்கொண்டார். "நான் இந்த வாரியத்துல இருபத்தாறு வருஷமா இருக்கேன். மூலப்படிக் கல்லை ஒரு தடவைகூட நான் வெளிய விட்டதில்ல. ஏன்? வெளிய விட்டா தேயும். எல்லாரும் தொடுவாங்க. ஒரு கிலோ ஒரு கிலோவா இருக்கணும்னா அதை யாரும் பயன்படுத்தக் கூடாது. வேகமும் அப்படித்தான். அந்தப் பெட்டிக்குள்ள நூறு இருக்கு. நானே பார்த்தேன். பீரோவுக்குள்ள அது இன்னைக்கும் நூறுதான். வெளிய வந்தா புள்ளி நாலாகுதுன்னா, குறை எங்க இருக்கு?"

புதுசு யோசித்தாள்.

"வெளிய," என்றார் கண்காணிப்பாளர், மெதுவாக.

"வெளிய," என்றார் துணை இயக்குநர். "நம்ம நூறுல ஒரு பங்கும் குறையல. இதை நீ பெருமையா நினைக்கணும். எத்தனை அலுவலகத்துல முழு நூறையும் இப்படிப் பத்திரமா வச்சிருக்காங்க? எல்லாரும் காத்துல விட்டுட்டாங்க."

"பீரோ கதவை மட்டும் கொஞ்ச நேரம் திறந்து வச்சா போதும் சார். ஒரு நாள்."

"வருஷாந்தரச் சோதனை அன்னைக்குத் திறப்போம். அன்னைக்குக் கேளு."

"அது எப்போ சார்?"

"நாலு மாசம் கழிச்சு," என்றார் கண்காணிப்பாளர்.

முதல் ஐந்து நிமிடம் துணை இயக்குநரின் பேச்சும் நியாயமாகவே பட்டது. ஆறாவது நிமிடத்தில், மாடிப்படியில் இறங்கும்போது, புதுசுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. கோபத்தில் என்ன செய்வது என்று பழக்கமில்லாததால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மூலப்படி அறையின் வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு, கதவுக்குப் பின்னால் சுவர், சுவரோரமாக பீரோ. வேகம் ஒன்று புள்ளி ஒன்றாக ஏறியது. ஏறக்குறைய மூன்று மடங்கு. அவள் அங்கேயே குடியிருந்தாள். தரையின் குளிர் இடுப்பில் ஏறியது. நாலு நாளில் பதினோரு அறிக்கைகள் ஏறின.

பன்னிரண்டாவது நாள், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, மிச்சமிருந்த நூற்று எழுபத்தொன்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'ஏற்று' என்பதை அழுத்திவிட்டு, மடிக்கணினியை மின்னிணைப்பில் போட்டாள். பிற்பகல் மூன்று மணிக்குக் கண்காணிப்பாளர், முத்திரைக்காரர், ஓர் ஆய்வாளர் மூவரும் வரிசையாக வந்தார்கள். கண்காணிப்பாளர் கையில் ஒரு தாள் இருந்தது. அதை அவளைப் பார்க்காமல் படித்தார்.

"மூலப்படி அறையின் வாசல்ல, சரிபார்க்கப்படாத கருவி மூலமா, ஒன்று புள்ளி ஒன்றுன்னு ஒரு அளவு, போறவர்றவங்க பார்க்கும்படி காட்டப்பட்டதுக்காக, மேற்படி கருவி கைப்பற்றப்படுது."

"சார், ஏறிட்டிருக்கு சார்."

"நானாம்மா போட்டேன் இந்த உத்தரவை," என்றார் கண்காணிப்பாளர். அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

முத்திரைக்காரர் குனிந்து மடிக்கணினியை மூடப் போனார். ஆய்வாளர் தடுத்தார். "மூடாதீங்க. கைப்பற்றும்போது தராசு எந்த நிலைல இருந்துச்சோ அதே நிலைலதான் எடுத்து வைக்கணும். தட்டுல கத்திரிக்காய் இருந்தா கத்திரிக்காயோட."

"மூடலேன்னா சார்ஜ் இறங்கிடுமே."

"அதுவும் நிலை மாறினதாத்தான் கணக்கு. ப்ளக் இருக்கிற இடமா பார்த்து வைங்க."

கைப்பற்றிய பொருட்களை வைக்கும் கிடங்கில் ப்ளக் இல்லை. அங்கே கூரைவரை பால் கேன்கள் அடுக்கியிருந்தார்கள். பூட்டும் ப்ளக்கும் சேர்ந்தாற்போல் இருந்தது கட்டடத்திலேயே ஓர் இடம்தான். முத்திரைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். திறந்த மடிக்கணினியை, ஒரு சொட்டும் சிந்தாத மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், மூலப்படிக் கற்களுக்குக் கீழ்த்தட்டில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு சாவி. கம்பி. மூன்று ஈய முத்திரை. ஏழு வேலை நாள் கழித்து, தகுதிகாண் பருவத்தின் கடைசி நாளன்று காலையில் சாட்சிகள் முன்னிலையில் திறக்கப்படும் என்று ஒரு சீட்டும் ஒட்டப்பட்டது.

அந்த ஏழு நாளும் புதுசு தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். விடுப்பு எடுத்தால் வருகையும் குறையும். மேசையைத் துடைத்தாள். கோப்புகளுக்கு நாடா மாற்றினாள். எதைச் செய்தாலும் பாக்கி அறிக்கைகள் குறையப்போவதில்லை என்றே நினைத்தாள். வீட்டில் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் மடக்குக் கட்டிலுக்குப் புது விரிப்பு ஒன்று வாங்கி வந்து போட்டாள். புதுசுக்கு அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

"அழாதே," என்றார் மாமா. "எங்க கம்பெனில ஆள் எடுக்கிறாங்க. லிப்டுக்குள்ள சிக்னல் கிடைக்காதுன்னு உனக்குத்தான் இப்ப நல்லா தெரியுமே, அனுபவம்னு போட்டுக்கலாம்."

இருபதாவது நாள் காலை பீரோ திறக்கப்பட்டது. துணை இயக்குநரே வந்திருந்தார். மூன்று முத்திரைகளும் பழுதில்லாமல் இருப்பதை ஆய்வாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். கதவு திறந்ததும் மடிக்கணினி எல்லோரையும் பார்த்துக்கொண்டு பளிச்சென்று இருந்தது. திரையின் நடுவே ஒரு பச்சைப் பெட்டி.

முத்திரைக்காரர்தான் படித்தார். "நூத்தி எழுபத்தொண்ணுல நூத்தி எழுபத்தொண்ணும் ஏறியாச்சு. முடிஞ்ச நேரம்..." கண்ணைச் சுருக்கினார். "நாம பூட்டின அன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணி."

பூட்டியது மூன்று மணிக்கு. பீரோவுக்குள் முத்திரையோடு இருந்த நூறும், அதை ஒட்டி உட்கார்ந்திருந்த மடிக்கணினியும், இரும்புக்குள்ளே தொந்தரவு செய்ய ஆளில்லாமல், ஒன்றரை மணி நேரத்தில் அரை வருடத்து வேலையை முடித்துவிட்டு ஏழு நாளாகச் சும்மா இருந்திருக்கின்றன.

அன்றே விசாரணை நடந்தது. முதல் கேள்வி, பீரோவை நடுவில் திறந்தது யார் என்பது. ஒரு சாவி கண்காணிப்பாளரிடம், மற்றது முத்திரைக்காரரிடம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்திரைகள் உடையாததால் யாரும் திறக்கவில்லை என்று அரை மணி நேரத்தில் முடிவானது. இரண்டாவது கேள்வி புதுசுக்கு.

"இந்த ஏழு நாளும் நீ எங்க இருந்தே?" என்றார் துணை இயக்குநர்.

"என் சீட்லதான் சார்."

"லேப்டாப் இல்லாம?"

"இல்லாமதான் சார். ஆனா சார், அது ரவுட்டர் பக்கத்துல இருந்ததாலதான் வேகமா ஏறிடுச்சு. ரெண்டையும் பீரோவுக்கு வெளிய வச்சாலும் இதே வேகம்தான் வரும். கதவுதான் சார் தடுத்துது."

துணை இயக்குநர் புன்னகை செய்தார். அவளோடு முழுக்க உடன்படுகிற மனிதரின் புன்னகை. "இதைத்தானேம்மா நான் அன்னைக்கே சொன்னேன். உள்ள குறையே இல்ல. குறை வெளியதான்." கண்காணிப்பாளரிடம் திரும்பினார். "எழுதிக்குங்க."

மாலை நாலேமுக்காலுக்கு ஆணை வந்தது. புதுசு அதை நின்றுகொண்டே படித்தாள்.

மேற்படி எழுத்தர் குறித்த காலத்துக்குள் அனைத்து அறிக்கைகளையும் ஒன்றும் குறையாமல் ஏற்றி முடித்திருப்பதால் அவர் பணி நிரந்தரம் செய்யப்படுகிறார். மேற்படி மடிக்கணினி அவர் வசம் இருந்த பன்னிரண்டு நாட்களில் பதினாறு அறிக்கைகளும், அவர் வசம் இல்லாத ஏழு நாட்களில் நூற்று எழுபத்தொரு அறிக்கைகளும் ஏறியிருப்பது ஒப்பிட்டு நோக்கப்பட்டது. எனவே வாரியத்தின் நலன் கருதி, இனி அவருக்கு மடிக்கணினி வழங்கப்படமாட்டாது. அது மூலக்கருவியாக அறிவிக்கப்பட்டு பீரோவிலேயே பாதுகாக்கப்படும். எழுத்தர் தம் இருக்கையில் தொடர்ந்து இருந்துவர வேண்டும்.

கூட்டல் சரியாக இருந்தது. புதுசு இரண்டு முறை போட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கதவிலேயே நின்று ஆணையை வாங்கி முதல் வரியை மட்டும் படித்தாள். பிறகு அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஆயிடுச்சேடி. இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. நாளையிலிருந்து உனக்கு என்ன வேலை?"

"அது இதுல இல்லக்கா," என்றாள் புதுசு. "சம்பளம் மட்டும்தான் போட்டிருக்கு."